துளையில்லாத சிப்பி

பல்லக்காவின் கைவேலை அந்த ஊரில் ஏறக்குறைய நாலாயிரம் வாய்களில் இருந்தது. அவற்றில் ஒன்றில்கூட அவள் பெயர் கிடையாது. பல் மருத்துவமனை வாசலில் டாக்டரின் பெயர் வால் மாதிரி பட்டங்களை நீட்டிக்கொண்டு பளபளக்கும். உள்ளே நுழைந்து, நோயாளி நாற்காலியைத் தாண்டி, எக்ஸ்ரே அறையைத் தாண்டி, கழிவறைக்கு எதிர்க்கதவைத் திறந்தால்தான் பல்லக்காவின் பட்டறை. பிளாஸ்டர் மாவுக்கட்டியில் எடுத்த பல் அச்சுகள், மெழுகு உருக்கும் குட்டி அடுப்பு, கழுத்து வளைந்த விளக்கு, ஒரு சின்ன ஜன்னல். ஊரின் பற்களெல்லாம் அங்கேதான் பிறந்தன. போட்டுக்கொண்டவர்கள் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "டாக்டர் கைராசியே கைராசி" என்பார்கள். டாக்டரும் மறுக்க மாட்டார். கதவுக்கு அந்தப்பக்கம் பல்லக்கா உதட்டை ஒரு பக்கமாகக் கோணுவாள். முப்பது வருடம் கோணியதில் அந்தப் பக்கம் ஒரு கோடே விழுந்துவிட்டது.

இப்படிப்பட்டவளுக்கு ஞாயிற்றுக்கிழமையில் கல் பொறுக்கும் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்டால் அவள் கணவர்தான் காரணம். அவர் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். ஊருக்கு வெளியே, சிமெண்டுக்காகத் தோண்டி விட்டுப்போன சுண்ணாம்புக் குவாரிப் பக்கம் கார் ஓட்டப் பழக்குவதற்கு வசதியாக ஆளில்லாத ரோடு உண்டு. ஒருநாள் அவளுக்கும் ஸ்டியரிங்கைக் கொடுத்துப் பார்த்தார். அரைமணி நேரத்தில் இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. அவள் காரை விட்டு இறங்கி, கோபத்தில் குவாரிக்குள் நடந்து, காலில் இடறிய கல்லை எடுத்துப் பார்த்தாள். கல் இல்லை, சிப்பி. கட்டைவிரல் நகம் அளவு, கல்லாகிப்போன சிப்பி. கார் ஓட்டுவது அத்தோடு போயிற்று. சிப்பி நிலைத்தது.

ஒன்பது வருடத்தில் முப்பத்தொரு முழுச் சிப்பிகள் சேர்ந்தன. உடைந்தவற்றை அவள் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒவ்வொன்றையும் பட்டறைக்குக் கொண்டுபோய், மதியச் சாப்பாட்டு நேரத்தில், பல் சுத்தம் செய்யும் ஊசிகளால் மண்ணை எடுத்து, பல்லில் காரை படிவதுபோல் படிந்ததைச் சுரண்டி, மெருகேற்றி வைப்பாள். வீட்டு ஷோகேஸில் அவை பஞ்சின் மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும். "கடலடியில இருந்தப்பகூட இவ்வளவு சுத்தமா இருந்திருக்காதுங்க" என்று கணவர் வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். அது என்ன சிப்பி என்று திருப்பிக் கேட்டால் மட்டும் அவருக்கு அவசர வேலை வந்துவிடும்.

அருங்காட்சியகத்தில் மாதத்தின் முதல் சனிக்கிழமை, பொதுமக்கள் கண்டெடுத்த எதையும் கொண்டுபோய்க் காட்டலாம் என்று ஒரு ஏற்பாடு இருந்தது. பல்லக்கா பெட்டியோடு போய் வரிசையில் நின்றாள். முன்னால் நின்றவர் டைனோசர் முட்டை என்று ஒரு உருண்டைக் கல்லைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டிருந்தார். மேஜைக்குப் பின்னால் இருந்த நிபுணர் அதை ஒரு பார்வை பார்த்து, "கல்லு" என்றார். அடுத்தவர் கொண்டுவந்த எலும்புக்கு, "கோழி" என்றார். முப்பது வருடமாகச் சிப்பி ஒன்றைத் தவிர வேறெதையும் படிக்காத மனிதர். கழுத்தில் கயிறு கட்டிய லென்ஸ். சிரிப்புக்கும் அவருக்கும் வெகுதூரம்.

பல்லக்கா பெட்டியைத் திறந்ததும் அந்த மனிதர் சிரித்துவிட்டார். அப்போதுதான் அவள் பார்த்தாள். மேல்வரிசையில், இடப்பக்கம், முன்பல்லுக்கு அடுத்த பல். அவள் செய்தது. ஏழு வருடத்துக்கு முன்னால், பக்கத்துப் பல்லில் மயிரிழைபோல் ஒரு விரிசல் இருந்ததால் இதிலும் அதேபோல் ஒன்று வரைந்திருந்தாள். இரண்டு நாள் வேலை அந்த ஒரு கோடு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் எது சொந்தம், எது வந்தது என்று தெரியாது. சொல்ல வாய் வந்தது. நாம் வந்த காரியம் வேறு என்று மென்று முழுங்கினாள்.

"இது கிளிஞ்சல் ஜாதி இல்லம்மா," என்றார் நிபுணர். "பிராக்கியோபாட்னு பேரு. கிளிஞ்சலுக்கு ரெண்டு ஓடும் ஒண்ணுக்கொண்ணு ஜோடியா இருக்கும். இதுல பாருங்க, ஒரு ஓடு பெருசு, ஒண்ணு சின்னது. ஆனா எந்த ஓடா இருந்தாலும் நடுவுல கோடு போட்டுப் பிரிச்சா…"

"வலமும் இடமும் ஒண்ணா இருக்கும்," என்றாள் பல்லக்கா. "வாய் மாதிரி. மேல்வரிசை வேற, கீழ்வரிசை வேற. ஆனா எந்த வரிசையை எடுத்தாலும் ரெண்டு பக்கமும் சமம்."

நிபுணர் லென்ஸை இறக்கிவிட்டு அவளை முதல்முறையாக நன்றாகப் பார்த்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் இருமினார்கள். அவர் காதில் வாங்கவில்லை.

பெரிய ஓட்டின் நுனி கிளிமூக்கு மாதிரி வளைந்திருக்கும், அதில் ஒரு துளை இருக்கும், அந்தத் துளை வழியாகத் தண்டை நீட்டிப் பாறையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த உயிர் இது என்று அவர் சொன்னார். அந்தக் குவாரியில் கிடைப்பது இரண்டு இனங்களில் ஒன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். துளைக்குக் கீழே அரிசிக்குருணை அளவில் இரண்டு தகடுகள் இருக்கும். அவை நடுவில் ஒட்டியிருந்தால் ஒரு இனம், விலகியிருந்தால் இன்னொன்று. "ஆனா இந்தக் குவாரிச் சிப்பியில அந்தத் தகடு யாருக்கும் கிடைச்சதில்ல. உதிர்ந்துபோயிடுது. உங்க சிப்பியிலயும் இல்ல பாருங்க. அதனால எது எதுன்னு என்னால சொல்ல முடியாது," என்றபடி ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தார். முப்பது பெட்டிக்குத் திரும்பின. முப்பத்தொன்றாவதைக் கையில் எடுத்தவர் அதைத் திருப்பி வைக்கவில்லை.

லென்ஸை எடுத்தார். ஜன்னல் பக்கம் போனார். திரும்பி வந்து நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார்.

"இதுல துளையே இல்லம்மா."

பல்லக்காவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அவள் காலில் இடறிய முதல் சிப்பி அது. அன்றைக்குப் பிராக்கியோபாடும் தெரியாது, தண்டும் தெரியாது. நுனியில் வட்டமாக ஒரு ஓட்டையைப் பார்த்ததும், இருபது வருடத்துக்கு மேல் பற்களையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ஒன்றாகத்தான் தெரிந்தது. சொத்தை. டாக்டர் தூக்கிப்போட்ட காலாவதியான டியூபிலிருந்து பசையை எடுத்து, கல்லின் பழுப்புக்கு நிறம் கலந்து, அடைத்து, வழித்து, மெருகு போட்டுவிட்டாள். அடுத்துக் கிடைத்தவற்றிலும் அதே இடத்தில் ஓட்டை இருந்தபோதுதான் இது வியாதியில்லை, அமைப்பு என்று விளங்கியது. அதற்கப்புறம் எதையும் அடைக்கவில்லை. முதல் சிப்பியை அடைத்ததையே மறந்துபோனாள்.

"நானும் முப்பது வருஷமா பாக்கறேன்," என்றார் நிபுணர். "தண்டே இல்லாம, சும்மா மணல்ல கிடந்த புது இனமா இருக்கும். இயற்கை எவ்வளவு நேர்த்தியா மூடியிருக்கு பாருங்க, ஒரு கோடு தெரியுதா? புது இனம்னு உறுதியாச்சுன்னா கண்டுபிடிச்சவங்க பேரை வைக்கறது எங்க வழக்கம். உங்க பேரை வைப்பேன். உலகம் பூரா எங்க இந்தச் சிப்பியைப் பத்தி எழுதினாலும் உங்க பேரைத்தான் எழுதியாகணும். வேற வழியே கிடையாது."

சிப்பியைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். கொடுத்தாள். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவளுக்கே தெரியாததால் திறக்கவில்லை.

வீட்டில் கணவருக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு மாலையே மூன்று மாணவர்களிடமும், ஒரு டிராஃபிக் போலீஸ்காரரிடமும் சொல்லிவிட்டார். சாப்பிடும்போது பழக்கதோஷத்தில் மேஜைக்கடியில் பிரேக்கை மிதித்தபடியே, "ஏம்மா, உன் பேருல சிப்பின்னா, எனக்கு ஏதாவது நண்டு கிண்டு கிடைக்குமா?" என்றார். அவள் சிரிக்கவில்லை. அவளுக்குப் பசியும் இல்லை.

உண்மையைச் சொல்வதானால் பல்லக்காவுக்கு அந்தப் பெயர் வேண்டும். அநியாயத்துக்கு வேண்டும். நாலாயிரம் வாயில் இல்லாத பெயர் ஒரு சிப்பியில் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று ஞாயிறு முழுக்க நினைத்தாள். யாருக்கு என்ன நஷ்டம்? அந்தச் சிப்பி வந்து சாட்சி சொல்லப்போகிறதா? அந்த அடைப்பை யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும். முப்பது வருடக் கண்ணே ஏமாந்துவிட்டதே. திங்களும் அதே நினைப்பு. செவ்வாய்க்கிழமை மெழுகை உருக்கிவிட்டு அச்சில் ஊற்ற மறந்து உட்கார்ந்திருந்தாள்.

புதன்கிழமை காலையில் ஒரு அம்மாளுக்கு பல் போன இடத்தில் நாலு பல் பாலம் மாட்டினார்கள். மூன்று வாரமாகப் பல்லக்கா கட்டிய பாலம். கதவு சாத்தியிருந்தாலும் பேச்சு கேட்டது.

"அப்படியே இயற்கையா இருக்கு டாக்டர்," என்றாள் அந்த அம்மாள்.

"இயற்கையாத்தான் இருக்கணும்," என்றார் டாக்டர், அடக்கமாக.

பல்லக்காவின் உதடு வழக்கம்போல் கோணத் தொடங்கி, பாதியில் நின்றது. சுருக்கென்றது. இத்தனை நாள் அவள் வேலைக்கான பாராட்டு டாக்டருக்குப் போயிற்று. இப்போது கடலுக்குப் போகிறது. 'இயற்கை எவ்வளவு நேர்த்தியாக மூடியிருக்கிறது' என்றால் என்ன அர்த்தம்? இயற்கையா நிறம் கலந்தது? இயற்கையா மூச்சைப் பிடித்துக்கொண்டு விளிம்பை வழித்தது? அவளுடைய வாழ்நாளிலேயே சிறந்த அடைப்பு அது. ஒரு நிபுணர் ஜன்னல் வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தும் கோடு தெரியாத அடைப்பு. அதை ஒரு சிப்பிப் பூச்சிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, அதற்குக் கூலியாகத் தன் பெயரை வாங்கிக்கொள்வதா? அவளுக்கு மூக்கு விடைத்தது. அரைநாள் லீவு சொல்லிவிட்டு, மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு டார்ச்சை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

நிபுணரின் அறையில் சிப்பி ஒரு சின்ன வெல்வெட் தலையணை மேல் இருந்தது. பக்கத்தில் அவர் பென்சிலில் வரைந்த படம், அச்சு அசலாக. படத்துக்கடியில் இடம் விட்டிருந்தார், பெயர் எழுத. அதைப் பார்த்தபோது அவளுக்குக் கொஞ்சம் வலித்தது.

"ஜன்னலைச் சாத்துங்க சார். லைட்டையும் அணைச்சிடுங்க."

"எதுக்கும்மா?"

"சொல்றேன். அணைங்க."

இருட்டில் அவள் டார்ச்சை அடித்தாள். பட்டறையில், எது சொந்தப் பல், எது பசை, எது செய்த பல் என்று பிரித்துப் பார்க்கும் ஊதா விளக்கு அது. சாதாரண வெளிச்சத்தில் ஒளிந்திருக்கும் பசை அதில் வெள்ளையாகப் பளிச்சிடும். சிப்பி முழுக்க மங்கலாக இருக்க, நுனியில் மட்டும் ஒரு வட்டம், நிலா மாதிரி எரிந்தது.

"இயற்கை மூடலை சார். நான் மூடினேன். பல் செட் செய்யறவ நான். ஓட்டையைப் பாத்ததும் சொத்தைன்னு நினைச்சு அடைச்சிட்டேன். சனிக்கிழமையே சொல்லியிருக்கணும். பேரு ஆசையில சும்மா இருந்துட்டேன்."

நிபுணர் பேயறைந்த மாதிரி நின்றார். விளக்கைப் போட்டார். லென்ஸை வைத்துப் பார்த்தார். அணைத்தார். ஊதா விளக்கில் பார்த்தார். மறுபடியும் போட்டார்.

"இப்பக்கூட எனக்குக் கோடு தெரியலம்மா," என்றார் கடைசியில். அவர் குரலில் இருந்தது கோபமா, அழுகையா, மரியாதையா என்று சொல்வது கஷ்டம். மூன்றும் கலந்திருக்கலாம். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் பல்லக்காவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது என்பது நிச்சயம்.

அடைப்பை எடுத்தாக வேண்டும் என்றார் அவர். தன்னுடைய ஊசிகளை எடுத்து வைத்தார். பல்லக்கா சிப்பியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். "நீங்க கை வைக்காதீங்க சார். போட்டவ கைதான் எடுக்கணும். பட்டறைக்கு வாங்க."

அவள் போன் செய்ததும் அருங்காட்சியக வாசலில் டிரைவிங் ஸ்கூல் கார் வந்து நின்றது. மாணவர் ஒருவர் ஓட்ட, பக்கத்தில் கணவர் பிரேக்கில் காலை வைத்துக்கொள்ள, பின்சீட்டில் நிபுணரும் பல்லக்காவும் சிப்பியை நடுவில் வைத்துக்கொண்டு, மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் போய்ச் சேர்ந்தார்கள். விஷயத்தைக் கேட்டுக்கொண்டே வந்த கணவர் இறங்கும்போது அவள் தோளைத் தொட்டு, "நண்டு போனா போகுது," என்றார்.

பட்டறையில் அவள் சிப்பியை மாவுக்கட்டியில் பதித்து, கழுத்து வளைந்த விளக்கை இழுத்து, பல் குடையும் சிறிய கடைசல் ஊசியை ஓட்டினாள். டாக்டர் எட்டிப் பார்த்து, யாரோ அரசாங்க ஆள் என்று நினைத்துப் பின்வாங்கினார். பசை பொடிப்பொடியாக உதிர்ந்தது. சிப்பியைத் தொடாமல், பசையை மட்டும். நிபுணர் மூச்சுவிடவும் பயந்து நின்றார். கடைசியில் ஏடு மாதிரி மெல்லிசாக நின்ற பசை, அவள் நகத்தால் நெம்பியதும் முழுசாகக் கழன்று வந்தது. துளை திறந்தது. அதற்குக் கீழே பழுப்பாக ஏதோ படிந்திருந்தது.

பல்லக்காவுக்கு வெட்கமாகிவிட்டது. காரையைச் சுத்தம் செய்யாமல் மேலேயே பூசி அடைத்திருக்கிறாள். ஒரு நிபுணர் முன்னால் இந்த அசிங்கம் தெரியவேண்டுமா? "முதல் வேலை சார், அன்னைக்கு அவசரத்துல சுரண்டாம விட்டிருக்கேன்," என்று சொல்லிக்கொண்டே சுரண்டும் ஊசியை எடுத்தாள்.

நிபுணர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தொடாதீங்க. அது காரை இல்லம்மா. அதுதான் தகடு."

இரண்டு தகடுகள். அரிசிக்குருணை அளவு. நடுவில் ஒன்றோடொன்று ஒட்டி, மெல்லிய ஒரு தையலோடு, கல்லாகிப்போன நாள் முதல் அசையாமல் உட்கார்ந்திருந்தன. அந்தக் குவாரியில் யாருக்கும் கிடைத்திராத தகடுகள். அவள் அடைப்பு ஒன்பது வருடம் அவற்றை மூடிப் பாதுகாத்திருந்தது.

பல்லக்கா ஊசியைக் கீழே வைத்தாள். அவளுக்கு வேறொன்று உறைத்தது. "அப்ப மத்த முப்பதுல… நான் காரைன்னு சுரண்டி எடுத்தது?"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு அந்த மனிதருக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கால், அப்புறம் வாய்விட்டு. அவளுக்கும் வந்துவிட்டது. முப்பது சிப்பிகளின் மூக்கை அவள் வழித்தெடுத்திருக்கிறாள், அதுவும் மெருகோடு. மிச்சமான ஒன்றைக் காப்பாற்றியதும் அவள் செய்த தப்புதான்.

"புது இனம் இல்ல," என்றார் நிபுணர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "தகடு ஒட்டியிருக்கு. அதனால ரெண்டுல இது எதுன்னு முதல்தடவையா சொல்ல முடியும்." அவர் சொன்ன பெயர் வாயில் நுழையாத பெயர். யாரோ நூறு வருடத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனது. பல்லக்காவின் பெயர் அதில் இல்லை. "ஆனா படம் இந்தச் சிப்பியோடதுதான் வரும். இந்த இனத்தைப் படிக்கிறவன் எவனா இருந்தாலும் இனிமே இந்தப் படத்தைத்தான் பாக்கணும். படத்துக்குக் கீழ, கண்டெடுத்தவர்னு ஒரு வரி உண்டு. சுத்தம் செஞ்சவர்னு இன்னொரு வரி. ரெண்டுலயும் உங்க பேர் வரும்."

"சுத்தம் செஞ்சவர்னு போடாதீங்க," என்றாள் பல்லக்கா. "அடைச்சவரும் அடைப்பை எடுத்தவரும்னு போடுங்க. அதுதான் என் வேலை."

அவர் யோசித்தார். அவருடைய துறையில் அப்படி ஒரு வரியை இதுவரை யாரும் எழுதியதில்லை. பையிலிருந்து நோட்டை எடுத்து அப்படியே எழுதிக்கொண்டார். எழுதி முடித்து மூடியவர், தலையை ஆட்டியபடி சொன்னார்: "முப்பது வருஷத்துல என் கண்ணை யாரும் ஏமாத்தினதில்ல. நீங்கதான் முதல்."

"கண்ணை மட்டுமா சார்," என்றாள் அவள். "மேல்வரிசை, இடப்பக்கம், முன்பல்லுக்கு அடுத்தது. ஏழு வருஷம் ஆச்சு. பக்கத்துப் பல்லுல ஒரு விரிசல் இருக்கு, அதுக்குச் சமமா இதுலயும் ஒண்ணு வரைஞ்சேன்."

நிபுணரின் நாக்கு வாய்க்குள் அந்தப் பல்லைத் தேடிப் போனது. லென்ஸை ஒரு கையில் எடுத்துக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த சின்னக் கண்ணாடிக்குப் போனார். உதட்டைத் தூக்கினார். ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார், விளக்குப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஏழு வருடமாகத் தினமும் தேய்த்த பல்.

"எந்தப் பக்கம்னு சொன்னீங்க?" என்றார்.

பல்லக்கா உதட்டைக் கோணவில்லை. பையைத் திறந்து ஊதா டார்ச்சை எடுத்து அவரிடம் நீட்டினாள்.